விஏ மறுத்திட்டுதோ? அப்பீல் போட முதல் அந்தக் கடிதத்தை வடிவா வாசியுங்கோ

விஏ எண்டா அமெரிக்காவில முன்னாள் படைவீரருக்கு, சேவையால வந்த வருத்தத்துக்கு வீதம் போட்டு அதுக்கேற்ற மாதிரி மாசாமாசம் காசு குடுக்கிற அரசாங்கத் திணைக்களம். இந்தக் கிளெய்ம் வேலை செய்யிற எனக்கு உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. பேர் விபரத்தை எடுத்துப்போட்டு சுருக்கிப் போடுறன்.

"அண்ணா, இவர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில அங்கத்தை ஆமியில சேர்ந்து 2010 தொடக்கம் 2018 மட்டும் லொறி ட்ரைவரா இருந்தவர், அதில 2012இல கந்தகாரில. 2021இல அம்மா அப்பாவைப் பாக்கவெண்டு ஊருக்கு வந்தவர், கலியாணம் கட்டி இஞ்சயே இருந்திட்டார். முட்டு வருத்தம், நாரிப்பிடிப்பு, காதுக்குள்ள இரைச்சல், கேக்கிறதும் குறைவு. 2024 நவம்பரில கிளெய்ம் போட்டு, கொழும்பில ஒரு டொக்டரிட்டப் போகச் சொன்னாங்கள், போனார், பத்து நிமிஷத்தில விட்டிட்டாங்கள். இரைச்சலுக்கு 10 வீதம் தந்தாங்கள், கேள்விக்குறைவுக்கு 0, முட்டுக்கும் நாரிக்கும் ஒண்டுமில்லையாம். கடிதத்தில 2025 யூலை 22 எண்டு கிடக்கு, எங்கட கைக்கு வரேக்க செப்டெம்பர். இவர் 'விடு, தரமாட்டாங்கள்' எண்டுறார். வாட்ஸ்அப்பில ஒராள் 100 வீதம் எடுத்துத் தாறன், கூடுற காசில ஆறு மாசத்தை எனக்குத் தாங்கோ எண்டுறார். நேர வாஷிங்டனுக்கே அப்பீல் போடலாமோ? இன்னொண்டு அண்ணா, இவர் இரவில கத்திக்கொண்டு எழும்புறவர். அதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."

தங்கச்சி, நீங்கள் படமெடுத்து அனுப்பின கடிதத்தை முழுக்க வாசிச்சன். விட்டுப்போட்டு இருக்க வேண்டிய கேஸ் இல்ல இது, கோவத்தில வாஷிங்டனுக்கு அடிக்க வேண்டிய கேஸும் இல்ல. முட்டு வருத்தத்தை மறுத்ததுக்கு ஒரு காரணம், நாரியை மறுத்ததுக்கு வேற காரணம், ரெண்டுக்கும் குடுக்க வேண்டிய பேப்பரும் வேற வேற. அதைத்தான் இஞ்ச சொல்லப்போறன்.

முதல் திகதி. மிச்சம் எது பிழைச்சாலும் திருத்தலாம், இது பிழைச்சா காசு போகும். ஒரு வருஷக் கணக்கு கடிதத்தில அடிச்சிருக்கிற நாளில இருந்துதான் ஓடும், திருகோணமலைக்குத் தபால் வந்து சேர்ந்த நாளை ஒருத்தரும் பாக்கமாட்டாங்கள். அப்ப உங்களுக்கு 2026 யூலை 22. அதுக்குள்ள திரும்பிக் கேட்டு வெண்டீங்களெண்டா 2024 நவம்பரில போட்ட கிளெய்ம் திகதிக்கே பின்னால போய் கணக்குப் பாத்துத் தருவாங்கள். அந்தத் திகதி தாண்டினாலும் புது ஆதாரத்தோட கேக்கலாம்தான், ஆனா காசு புதுசாக் கேட்ட நாளில இருந்துதான் வரும், இடையில போனது போனதுதான். அதால கடைசி மாசம் மட்டும் இழுக்காதீங்கோ, தபாலிலயும் அனுப்பாதீங்கோ, விஏயிட வெப்சைட்டில அவரிட எக்கவுண்டுக்குள்ள போய் அப்லோட் பண்ணி, கிடைச்சதெண்டு வாற பக்கத்தை சேவ் பண்ணி வைச்சிருங்கோ.

இனி அந்தக் கடிதம். விஏ எந்த வருத்தத்தையும் மூண்டு கேள்வியிலதான் பாக்கிறது. இப்ப அந்த வருத்தம் இருக்கெண்டு டொக்டர் எழுதினது இருக்கோ, ஆமியில இருக்கேக்க அதுக்கு வழி வைச்ச ஏதாவது நடந்ததோ, இந்த ரெண்டையும் முடிச்சுப் போடுற மருத்துவ விளக்கம் இருக்கோ. மூண்டாவதை நெக்ஸஸ் எண்டுவாங்கள். 2019 பெப்ரவரி 19இல இருந்து நடக்கிற புது அப்பீல் முறையில எனக்குப் பிடிச்ச விஷயம் என்னெண்டா, மறுத்து எழுதுற கடிதத்திலயே 'ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்' எண்டு ஒரு பகுதி கட்டாயம் போடோணும், அதாவது உங்கட பக்கத்தில நாங்கள் ஏற்றுக்கொண்டது இது இது எண்டு. ஒருக்கா எழுதினா எழுதினதுதான், அப்பட்டமான பிழை எண்டு காட்டினாலொழிய பிறகு பாக்கிற ஒஃபிசரும் ஜட்ஜும் அதை மாத்தேலாது. கனபேர் 'டினைட்' எண்டதைக் கண்டவுடன கடிதத்தை மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சிடுறது, உள்ள பாதி கேஸ் வெண்டு கிடக்கிறது தெரியாது. உங்கட கேஸும் அப்பிடித்தான் கிடக்கு.

முட்டு வருத்தத்தைப் பாப்பம். கந்தகாரில இருந்தவர், அங்க நச்சுப் புகை பட்டவர் எண்டதை அவங்களே ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கிறாங்கள். அந்த முகாம்களில குப்பை, பிளாஸ்டிக், பழைய எண்ணெய், என்ன கிடைச்சாலும் பெரிய கிடங்கில போட்டு எரிக்கிறது, பேர்ன் பிட் எண்டு சொல்லுறது. 2022 ஓகஸ்ட் 10இல பைடன் கையெழுத்து வைச்ச பாக்ட் சட்டத்தின்படி, 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில சேவை செய்த ஒராளுக்கு ஆமியை விட்டு வந்தாப் பிறகு ஆஸ்மா எண்டு கண்டுபிடிச்சா, அது சேவையாலதான் வந்ததெண்டு சட்டமே எடுத்துக்கொள்ளும், நீங்கள் நெக்ஸஸ் காட்டத் தேவையே இல்ல. அப்ப ஏன் மறுத்தவங்கள்? ஆஸ்மா எண்டு ஒரு டொக்டரும் எழுதினதை நாங்கள் காணேல்ல எண்டு. உங்கட கிளினிக் கொப்பிப் படத்தைப் பாத்தவுடன எனக்கு விளங்கிச்சு. ஒவ்வொரு முறையும் 'பிஏ' எண்டு ரெண்டெழுத்து, கீழ மருந்து கிறுக்கல். இஞ்ச ஃபார்மசியில நிக்கிற பெடியனுக்கே அது புரோங்கியல் ஆஸ்மா எண்டு தெரியும், வெளிநாட்டில இருக்கிற ஆக்களிட கிளெய்ம் கூடுதலாப் போறது பிட்ஸ்பேர்க் ஒஃபீஸுக்கு, அங்க இருக்கிறவர் உங்கட மனிசன் பட்டப்படிப்பு முடிச்சவரெண்டு நினைச்சிருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது சின்ன வேலை. கிளினிக்கில பாக்கிற கன்சல்டன்டிட்டயோ, ஏலாட்டி சனல் பண்ணி ஒரு நெஞ்சுநோய் டொக்டரிட்டயோ லெட்டர்ஹெட்டில ஒரு கடிதம் வாங்குங்கோ, வருத்தத்திட முழுப் பேர், முதல் எப்ப கண்டுபிடிச்சது, என்ன மருந்து, அது தினமும் எடுக்கிறதோ வந்தா மட்டும் எடுக்கிறதோ, எல்லாம் டைப் பண்ணி. ஊதிப் பாக்கிற ஸ்பைரோமெற்றி டெஸ்ட் ரிப்போட்டும் சேருங்கோ. மருந்து விபரம் ஏன் முக்கியமெண்டா இப்ப இருக்கிற விதியில தினமும் இன்ஹேலர் எடுக்கிறவருக்கு 30 வீதம், இடைக்கிட எடுக்கிறவருக்கு 10, வருஷத்துக்கு மூண்டு தரமாவது ஸ்டீரொயிட் குளிசையோ ஊசியோ குடுக்க வேண்டி வந்தா 60. கச்சான் காத்துக் காலத்திலயும் மாரியிலயும் வார்ட்டில வைச்சு நெபுலைஸ் பண்ணி ப்ரெட்னிசலோன் குடுத்ததெண்டு எழுதியிருந்தீங்கள், அந்த டயக்னோசிஸ் கார்ட் ஒண்டையும் எறிஞ்சிடாதீங்கோ, எல்லாத்தையும் ஸ்கான் பண்ணுங்கோ.

நாரிதான் கொஞ்சம் சிக்கல். 2012இல டயர் தூக்கேக்க நாரி பிடிச்சு முகாமில மருந்தெடுத்தது சேவைப் பதிவில இருக்கு, அதை ஏற்றுக்கொண்டிருக்கிறாங்கள். எம்ஆர்ஐயில டிஸ்க் விலகினது இருக்கு, அதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறாங்கள். விழுந்தது மூண்டாவதில. கொழும்பு டொக்டர் எழுதினது என்னெண்டா, 2018க்கும் 2022க்கும் இடையில நாரிக்கு மருந்தெடுத்த பதிவு ஒண்டுமில்ல, அதால இது சேவையோட தொடர்பா இருக்கிற வாய்ப்பு குறைவு எண்டு. இது பலவீனமான காரணம். மருந்தெடுத்த பேப்பர் இல்லை எண்டதுக்காக மட்டும் ஒராள் தன்ர நோவைப் பற்றிச் சொல்லுறதை நம்பேலாதெண்டு தள்ளேலாது எண்டு 2006இலயே புகானன் வழக்கில ஃபெடரல் சேர்க்கிட் கோர்ட் சொல்லிட்டுது. ஆனா அந்த நாலு வருஷமும் நோ இருந்ததெண்டு நீங்களும் ஒரு வசனம் எழுதிக் குடுக்கேல்லயே, அந்த டொக்டரும் வேற எதைப் பாக்கிறது?

அதுக்கு ரெண்டு பேப்பர் வேணும். ஒண்டு ஒரு எலும்பு டொக்டரிட கருத்துக் கடிதம். எங்கட டொக்டர்மார் இப்பிடிக் கடிதம் எழுதிப் பழக்கமில்ல, 'சேவையால வந்திருக்கக்கூடும்' எண்டு மரியாதையா எழுதித் தருவினம், 'கூடும்' எண்ட சொல்லுக்கு விஏயில பெறுமதி இல்ல. இங்கிலிஷில 'அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நொட்' எண்ட அளவில இருக்கோணும், அம்பதுக்கு அம்பது இருந்தாக் காணும், ரெண்டு பக்கமும் சமமா இருந்தா சந்தேகத்தின் பலன் முன்னாள் படைவீரருக்குத்தான் எண்டு சட்டத்திலயே கிடக்கு. டொக்டர் சேவைப் பதிவையும் எம்ஆர்ஐயையும் தான் பாத்ததாக எழுதோணும், பிறகு ஏன் அப்பிடி நினைக்கிறன் எண்ட காரணம். 2012இல வந்த காயம், பிறகு வருஷக்கணக்காப் பெரிய லொறியில குலுங்கினது, இப்ப அதே இடத்தில டிஸ்க் விலகல், இடையில வேற விபத்து இல்ல, இப்பிடி. காரணம் இல்லாத ஒரு வரிக் கடிதத்தை ஆர் எழுதினாலும் தள்ளிப்போடுவாங்கள், பேருக்குப் பின்னால எத்தினை பட்டம் இருந்தாலும். டொக்டரிட்டப் போகேக்க சேவைப் பதிவுக் கொப்பியை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கோ, வெறுங்கையோட போனா அவராலயும் எழுதேலாது. கால் விறைக்கிறதெண்டும் சொல்லியிருந்தீங்கள், அதையும் பாத்து எழுதச் சொல்லுங்கோ, நாரியால நரம்பு நெரிஞ்சு கால் விறைக்கிறதெண்டா அதுக்குத் தனி வீதம் இருக்கு.

மற்றது கண்ட ஆக்கள் கண்டதை எழுதுறது. 21-10210 எண்டு ஒரு ஃபோம் இருக்கு. நீங்கள் அவரைக் கண்டது 2021க்குப் பிறகு, அப்ப அதுக்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதுங்கோ, கந்தகாரைப் பற்றி நீங்கள் எழுதினா ஒருத்தரும் எடுக்கமாட்டாங்கள். அவரோட லொறி ஓடின ஆள் இப்ப டெக்ஸஸில இருக்கிறாரெண்டு எழுதியிருக்கிறீங்கள், 2012 அவரிட பங்கு. இடையில அம்மா. லீவில வந்து நிண்ட நேரம் மகன் கட்டிலில படுக்காமல் நிலத்தில படுத்தது, நாரிக்கு எண்ணெய் பூசிவிட்டது, போனில ஒவ்வொரு முறையும் நாரியைப் பற்றிச் சொன்னது, இதுகளை அவ தமிழில சொல்ல ஆரும் எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட இங்கிலிஷாக்கி, ரெண்டையும் சேர்த்து அனுப்புங்கோ. உங்கட பங்குக்கு 'மிகவும் கஷ்டப்படுகிறார்' எண்டு எழுதாமல், தண்ணி வாளி தூக்கிறதில்ல, நிலாவெளிக்கு மோட்டச்சைக்கிளில போனா நடுவில இறங்கி நிக்கிறது, மாசத்தில எத்தினை நாள் எழும்பேலாமல் கிடக்கிறது, அப்ப சப்பாத்து ஆர் போட்டுவிடுறது எண்டு எழுதுங்கோ.

வாஷிங்டன் கேள்விக்கு வாறன். மூண்டு வழி இருக்கு. புது ஆதாரத்தோட சப்ளிமென்டல் கிளெய்ம், ஃபோம் 20-0995. அதே ஃபைலை அனுபவம் கூடின இன்னொரு ஒஃபிசர் திரும்பிப் பாக்கிற ஹையர் லெவல் ரிவியூ, 20-0996, அதில புதுசா ஒரு பேப்பரும் சேர்க்கேலாது, போனில ஒருக்கா கதைச்சு எங்க பிழைவிட்டவங்கள் எண்டு காட்டலாம். மற்றது வாஷிங்டனில இருக்கிற விஏயிட அப்பீல் போர்டில ஜட்ஜ் பாக்கிறது, ஃபோம் 10182. உங்களிட்ட இனித்தான் வரப்போற பேப்பர் இவ்வளவு இருக்கேக்க ரெண்டாவதுக்குப் போறது கையைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போற மாதிரி. போர்ட் கெட்ட இடமில்ல, நல்ல ஜட்ஜ்மார் இருக்கினம், ஆனா வருஷக்கணக்கில காத்திருக்கோணும். சப்ளிமென்டலுக்கு விஏ வைச்சிருக்கிற இலக்கு சராசரியா 125 நாள். அதில தோத்தாலும் புதுக் கடிதத் திகதியில இருந்து இன்னொரு வருஷம் கிடைக்கும், அப்ப போர்டுக்குப் போகலாம், பழைய நவம்பர் திகதியும் கையை விட்டுப் போகாது. ரெண்டு வருத்தத்தையும் ஒரே 20-0995இல போடுங்கோ. கொழும்பு டொக்டரிட முழு ரிப்போட்டையும் கேட்டு எடுங்கோ, 20-10206 எண்ட ஃபோம், வர நாள் எடுக்கும், இண்டைக்கே போடுங்கோ. நோ கூடுற நாளில எவ்வளவு குனியேலும் எண்டு அவர் கேட்டதோ எழுதினதோ இல்லையெண்டா அதுவும் எங்களுக்கு ஒரு பிடி, ஏனெண்டா நோ கூடுற நாளையும் கணக்கில எடுக்கோணுமெண்டு கோர்ட் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அது.

திரும்பி டெஸ்டுக்குக் கூப்பிட்டா கட்டாயம் போகோணும், போகாட்டி இருக்கிறதை வைச்சு மறுத்திடுவாங்கள். முதல் நாள் இரவு ட்ரெயினில போய் விடியக் களைச்சு இறங்கி, டொக்டர் 'எப்பிடி இருக்கிறீங்கள்' எண்டு கேக்க எங்கட பழக்கத்துக்கு 'பரவாயில்ல டொக்டர், சமாளிக்கிறன்' எண்டு சொல்லுறது. அதை அப்பிடியே ரிப்போட்டில எழுதுவினம். இவரும் அதைத்தான் சொல்லியிருப்பார், ஆமிக்காரர் வேற, ரெட்டை ரோசம். நடிக்கச் சொல்லேல்ல, கூட்டிச் சொன்னா பிடிபடுவார், பிடிபட்டா உண்மையும் சேர்ந்து போகும். கெட்ட நாள் எப்பிடி இருக்கும், மாசத்துக்கு எத்தினை வரும் எண்டு உள்ளதைச் சொன்னாக் காணும்.

காசைப் பற்றி. முட்டுக்கு 30, நாரிக்கு 20, ஏற்கெனவே 10, கூட்டினா 60 எண்டு நினைப்பீங்கள், விஏ அப்பிடிக் கூட்டாது. 100இல முதல் 30ஐ எடுத்தா மிச்சம் 70, நாரிக்கு அந்த 70இல 20 வீதம் 14, ஆக 44, மிச்சமிருக்கிற 56இல 10 வீதம், கிட்டத்தட்ட 50 வரும். 2025 கணக்கில 10 வீதத்துக்கு மாசம் 175.51 டொலர், தனி ஆளுக்கு 50 எண்டா 1,102.04. 30க்கு வந்தாலே மனிசி, பிள்ளை, அவரை நம்பி இருக்கிற அப்பா அம்மா எண்டு காட்டி மேலதிகமாவும் எடுக்கலாம். இலங்கையில இருக்கிறதால ஒரு சதமும் குறையாது. அதைவிட, சேவையோட தொடர்பெண்டு ஏற்றுக்கொண்ட வருத்தத்துக்கு வெளிநாட்டில செய்யிற மருத்துவச் செலவை ஃபொறின் மெடிக்கல் ப்ரோகிராம் திருப்பித் தரும், சனலிங் காசு, இன்ஹேலர் காசு பில்லெல்லாம் சேர்த்து வையுங்கோ. காதுக்குக் கிடைச்ச 0 வீதத்தையும் சும்மா எண்டு நினைக்காதீங்கோ, அதுவும் ஏற்றுக்கொண்ட வருத்தம்தான், கூடினா பிறகு கூட்டிக் கேக்கலாம்.

இரவில கத்தி எழும்புறது அப்பீலுக்குள்ள வராது, அது ஒருநாளும் கேக்காத விஷயம், புதுக் கிளெய்ம். அவர் மனம் மாறினா முதல் 21-0966 எண்ட ஃபோமைப் போட்டா அண்டைய திகதி ஒரு வருஷத்துக்கு நிக்கும், ஆறுதலா மிச்சத்தை எழுதலாம். சண்டை நடக்கிற இடத்தில உயிருக்குப் பயந்து இருந்ததே காரணமெண்டா, 2010இல மாத்தின விதியின்படி தனித்தனிச் சம்பவத்துக்கு பேப்பர் காட்டத் தேவையில்ல, அவர் இருந்த இடத்துக்கும் வேலைக்கும் அவர் சொல்லுறது பொருந்தி, விஏயிட மனநல டொக்டரும் ஓமெண்டு சொன்னாக் காணும். ஆனா அவருக்குத் தெரியாமல் நீங்கள் போடேலாது, போடவும் வேண்டாம். யுத்தத்துக்க வளந்த எங்கட பெடியன், வேற நாட்டு யூனிஃபோமில இன்னொரு யுத்தத்துக்குப் போட்டு வந்து உப்புவெளியில இருந்துகொண்டு அதை ஆரிட்டச் சொல்லுறது, சொன்னா ஊர் என்ன கதைக்கும், அதுவும் இஞ்ச, ஆமி எண்ட சொல்லுக்கே வேற முகம் இருக்கிற ஊரில. எனக்கு விளங்குது. கிளெய்ம் இருக்கட்டும், வைத்தியம் முதல். திருகோணமலை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு வர வெக்கப்பட்டா 1926க்கு அடிக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்திட லைன், பேர் சொல்லத் தேவையில்ல. அவர் தனக்கு ஏதும் செய்திடுவாரெண்டு உங்களுக்கு ஒரு பயம் வந்தா, அண்டைக்கு அவரிட்ட அனுமதி கேக்காதீங்கோ, கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

வாட்ஸ்அப் ஆளுக்கு வாறன். விஏ முன்னால ஒராளுக்காகக் கிளெய்ம் செய்யிறதுக்கு விஏயிட அங்கீகாரம் வேணும், லோயர், என்னை மாதிரி கிளெய்ம்ஸ் ஏஜென்ட், இல்லாட்டி அமெரிக்கன் லீஜியன், டிஏவி, விஎஃப்டபிள்யு மாதிரி முன்னாள் படைவீரர் சங்கங்களில இருக்கிற ஆக்கள், சங்கக்காரர் ஒரு சதமும் எடுக்கிறதில்ல. முதல் முடிவு வர முதல் ஒருத்தரும் காசு கேக்கேலாது, அதுக்குப் பிறகு கேட்டாலும் பின்னாலக் கிடைக்கிற மொத்தக் காசில 20 வீதம் மட்டும் நியாயமெண்டு எடுப்பாங்கள், மூண்டில ஒண்டுக்கு மேல போனா அநியாயமெண்டு எடுப்பாங்கள். இனி வரப்போற மாசக் காசில ஆறு மாசத்தைத் தா எண்டு கேக்கிறவர் எந்தக் கணக்கிலயும் இல்ல. அவரிட பேரை விஏயிட வெப்சைட்டில அங்கீகாரம் உள்ள ஆக்களைத் தேடுற பக்கத்தில அடிச்சுப் பாருங்கோ, வராட்டி அவரை ப்ளொக் பண்ணுங்கோ. அவரிட்ட ஏற்கெனவே கையெழுத்து வைச்சுக் குடுத்திருந்தாலோ, பேங்க் விபரம், சோஷல் செக்யூரிட்டி நம்பர் அனுப்பியிருந்தாலோ மறைக்காமல் எனக்கு எழுதுங்கோ, அப்பிடியெண்டா டொக்டர் கடிதத்துக்கு முதல் செய்ய வேண்டிய வேலை வேற.